தலைப்பக்கம் ஈரம்

மலைமேல் வானிலை நிலையத்தில் பணியிலிருக்கும் என் பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் அந்தப் பனியிலும் காற்றிலும் சளி, இருமல், மூட்டுவலி எதுவும் அண்டாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இங்கே நான் நலம். உங்கள் அத்தை நலம். நீங்கள் அனுப்பிவைத்த ஸ்லீப்பிங் பேக் மட்டும் நலமாக இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் இருப்பது ஒற்றை அறை, அதில் ஒற்றை அடுப்பு, போனை யார் எடுத்தாலும் இரண்டு பேர் காதிலும் விழும். மகள் காதில் விழக்கூடாத சில விஷயங்கள் இதில் இருக்கின்றன. தவிர, அவள் அந்த நிலையத்துக்கே தலைமை அதிகாரி, நீங்கள் அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவர். வீட்டிலும் ஆபீசிலும் தப்பிக்க இடமில்லாத ஒரு மனிதருக்கு என் பங்குக்கும் தொல்லை தர எனக்கு விருப்பமில்லை. கடிதமாக இருந்தால் சாமான் லாரிக்காரர் உங்கள் கையில் தனியாகக் கொடுத்துவிடுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். குளிர்காலம் முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் தூரத்துத் தீவு நிலையத்துக்குக் கப்பலேறப் போகிறீர்கள், திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும், அதற்குள் மகளைப் பார்க்க வேண்டுமானால் இப்போதே மேலே வந்தால்தான் உண்டு என்று போனில் சொன்னீர்கள். வருகிறோம் என்றோம். அதற்கு நீங்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாமா, ஒரு சின்ன விஷயம்" என்றீர்கள். மாப்பிள்ளைகள் சின்ன விஷயம் என்று ஆரம்பித்தால் மாமனார்கள் முதலில் உட்கார்ந்துகொள்வது நல்லது. உட்கார்ந்துகொண்டேன். விருந்தாளிகள் கருவிகள் வைக்கும் பக்கத்து அறையில்தான் படுக்க வேண்டும், அங்கே அடுப்பு கிடையாது, பைக்குள்தான் தூக்கம், மனுஷ உடம்பிலிருந்து வரும் ஈரமே பையை நனைத்துவிடும், நனைந்தால் காயவைக்க வெயில் கிடையாது, அப்படியே விறைத்துப் பலகையாகிவிடும், போன வருஷம் வந்த உங்கள் சித்தப்பா அப்படித்தான் ஏறி வந்த லாரியிலேயே பல் கிடுகிடுக்க இறங்கிப் போனார், ஆகவே கீழேயே பழகிப் பாருங்கள், எழுந்திருக்கும்போது பை உலர்ந்திருந்தால் வாருங்கள், இல்லையென்றால் என்று இழுத்து நிறுத்திவிட்டீர்கள். இல்லையென்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. ஆனால் பின்னால் என் மகள், "யாருக்கு ஈரத்தைப் பத்திச் சொல்லித் தரீங்க? எங்க அப்பாவுக்கா?" என்று சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் இதில் இறங்கினேன்.

அவள் சிரித்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை தானியக் கிடங்கு வாசலில் மூட்டைகளுக்கு ஈரம் பார்த்தவன் நான். குத்தூசியை மூட்டைக்குள் செருகி, உருவி, உள்ளங்கையில் நாலு மணியைக் கொட்டிப் பார்த்து, ஒன்றைக் கடித்தும் பார்த்துவிட்டு, "ஈரம் இருக்கு, திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லுவேன். கெஞ்சுவார்கள், கொஞ்சுவார்கள், சபிப்பார்கள். நான் அடுத்த மூட்டைக்குப் போய்விடுவேன். லாரி டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் 'காய்ஞ்ச ஐயா'. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட ஒருவனுக்கு ஒரு பையை உலர்வாக வைத்துக்கொள்வது பெரிய காரியமா என்ன என்றுதான் நினைத்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று சொல்லலாம்.

முதல் சோதனை வீட்டிலேயே நடந்தது. எங்கள் ஊரில் குளிர் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது என்பதால் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, அதற்கு நேர் கீழே பையை விரித்தோம். உங்கள் அத்தை மலைக்குப் போகிற மனுஷன் ஆயிற்றே என்று இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, மங்கி குல்லா, கையுறை, காலில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாக்ஸ் எல்லாம் மாட்டிவிட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அதுதான் நான் நல்ல நினைவோடு சொன்ன கடைசி வார்த்தை. எழுந்தபோது தொப்பலாக நனைந்திருந்தேன். கோட்டைப் பிழிந்தால் வாளியில் சொட்டியது. ஜிப்பைத் திறக்கும்போது கிளம்பிய ஆவியில் உங்கள் அத்தையின் கண்ணாடி மங்கிவிட்டது, அவள் அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "இது ஸ்லீப்பிங் பேக் இல்லீங்க, குக்கர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உங்களைக் கேட்டதற்கு, "மாமா, பைக்குள்ள மெல்லிசா ஒண்ணு போட்டாலே போதும், வேர்க்க விடாதீங்க" என்றீர்கள். சரி, அது என் தவறு என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டில் சரிப்படாது என்று, உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கின் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். பழைய பழக்கம், என் குத்தூசிக்குப் பயந்த காலத்து மனிதர். கிடங்கின் முன்னறையில், கிழங்கு மூட்டைகளை இறக்கி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பலகை போட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். குளிர்கிடங்கில் ஒரு வசதி, அங்கே பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். ஆகவே மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்து, சாயங்காலம் எழுந்து வருவது என்று வைத்துக்கொண்டேன். மெல்லிய உடை ஒன்றுதான். வேர்க்கவில்லை. ஆனாலும் எழுந்தபோது மார்புக்கு மேலே பை பூராவும் ஈரம். பழைய ஈரமானியையும் கையோடு கொண்டுபோயிருந்தேன், அதை வைத்துப் பார்த்தால் முள் கடைசிக் கோட்டையும் தாண்டிப் போய் நின்றது. மேலே பார்த்தேன். குளிரூட்டும் குழாய் போகிறது. "உங்க பைப்பு ஒழுகுது" என்று மேனேஜரிடம் புகார் சொன்னேன். அவர் ஏணி போட்டு ஏறி, குழாய் முழுக்கக் கையால் தடவிக்கொண்டே போய், உலர்ந்த கையை என்னிடம் காட்டி, "பைப்பு ஒழுகல சார். நீங்கதான் ஒழுகுறீங்க" என்றார். நான் பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. நான் சின்ன வயதிலிருந்தே தலையோடு காலாக இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவன். நம் ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான். போர்வை என்றால் இண்டு இடுக்கு வழியாக மூச்சு வெளியே போய்விடும். இந்தப் பையில் அந்த வேலை நடக்காது. விட்ட மூச்சு எல்லாம் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து நீராக இறங்கிவிடுகிறது. நீங்களும், "மூக்கும் வாயும் வெளியில இருக்கணும் மாமா, முக்காட்டு நாடாவை இழுத்து அந்த மட்டுக்கும் ஓட்டை விட்டுக்குங்க" என்று சொன்னீர்கள். கேட்டேன். நாடாவை இழுத்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்தேன். பை உலர்ந்தது, மூக்கு விறைத்துவிட்டது. உங்கள் அத்தை கம்பளி நூலில் மூக்குக்கு ஒரு உறை பின்னி, காதுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள இரண்டு கயிறும் வைத்துக் கொடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, அளவு கச்சிதம். அதைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன், நல்ல தூக்கம், திடீரென்று உலகம் நகருது. கண்ணைத் திறந்து பாக்கறேன், தள்ளுவண்டியில இருக்கேன். பை வேற சாக்குக் கலரா, மூட்டை தூக்கற ஆளுங்க கிழங்கு மூட்டைன்னு நெனச்சு ஏத்திட்டாங்க. முன்னாடி ஒருத்தர் இழுக்கறார், பின்னாடி ஒருத்தர் தள்ளறார், ரெண்டு பேரும் சம்பளத்தைப் பத்திப் பேசிக்கிட்டே போறாங்க. நான், "ஏம்பா, கொஞ்சம் நிறுத்துங்க" அப்படின்னேன். இழுத்தவர் நின்னு, "என்னது?" அப்படின்னார். தள்ளினவர், "நான் ஒண்ணும் சொல்லல" அப்படின்னார். "நான்தாம்பா சொன்னேன்" அப்படின்னேன். அப்புறம் அந்தக் கிடங்குல வேலை ஒரு மணி நேரம் நடக்கல. மேனேஜர் வந்து என்னை எறக்கி விட்டுட்டு, "சார், இனிமே மேல ஒரு போர்டு மாட்டிக்கிட்டுப் படுங்க" அப்படின்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லிடறேன். ஈரமான சாக்ஸ் இருந்தா பைக்குள்ளயே வெச்சுக்கிட்டுப் படுங்க, உடம்புச் சூட்டுல காஞ்சிடும்னு சொன்னீங்களா, சொன்னீங்க. சாக்ஸ் காயும்னா பனியன் காயாதா, பனியன் காயும்னா துண்டு காயாதா? அன்னிக்குத் துவைச்ச அத்தனையையும் உள்ள வெச்சுக்கிட்டுப் படுத்தேன். துணி காஞ்சது, அந்த ஈரம் அப்படியே பைக்கு மாறிடுச்சு. உங்க அத்தை, "கொடியில போட வேண்டியதை மனுஷன் மேல போட்டா இப்படித்தான்" அப்படின்னா. அப்புறம் நம்ம மேனேஜர், பைக்குள்ள ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டு அதுக்குள்ள படுத்தா உடம்பு ஈரம் பையைத் தொடவே தொடாதுன்னு யாரோ சொன்னதா சொன்னார். மூட்டைகளுக்கு மேலே மூடற தாளை வாங்கிப் பை மாதிரி ஒட்டி உள்ள போட்டேன். பேச்சு நூத்துக்கு நூறு உண்மை. பை துளி ஈரம் இல்லாம இருந்தது. நான்தான் ஆவியில வெந்த கெழங்கு மாதிரி வெளிய வந்தேன். திரும்பிப் படுத்தா சரசரன்னு ஒரு சத்தம் வேற. தூக்கற ஆளுங்க அன்னிலேர்ந்து அந்தப் பக்கமே வரதில்ல.

இதற்கு நடுவில் இன்னொரு கோளாறு. எழுந்ததும் பையைச் சுற்றிக் கட்டிவிடுவது என் வழக்கம். மூட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காத காரியம். ஆகவே உடம்புச் சூடு ஆறுவதற்குள் இறுக்கிச் சுருட்டி, கயிறு கட்டி, சைக்கிளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். சில நாளில் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. உங்கள் அத்தை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, எங்கள் கல்யாணமான காலத்திலிருந்து நான் போட்ட எல்லாச் சட்டைகளும் அதில் ஒன்றாக இருப்பதாகச் சொன்னாள். நீங்கள், "எழுந்த உடனே சுருட்டாதீங்க மாமா, உள்ள இருக்கற சூடான காத்தை அமுக்கி வெளிய தள்ளிட்டு, உள்பக்கத்தை வெளிய திருப்பி உதறிக் கொஞ்ச நேரம் விரிச்சுப் போடுங்க" என்றீர்கள். செய்தேன். வாடை போய்விட்டது. முழுசாகப் போய்விட்டது என்று நான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் இவ்வளவு பாடுபட்டுக்கொண்டிருக்கும்போது, உங்கள் அத்தை ஒரு நாள் என்னோடு கிடங்குக்கு வந்தாள். "அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன்" என்று மெல்லிய ஸ்வெட்டரோடு பைக்குள் போய், மூக்கை வெளியே வைத்து, இரண்டு நிமிஷத்தில் குறட்டை விட்டுத் தூங்கி, எழுந்து, பையை உதறி விரித்துப் போட்டாள். ஈரமானியை வைத்துப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. "நீ மூச்சு விட்டியா இல்லியா?" என்று கேட்டேன். "விடாம உங்ககூட இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினேன்?" என்று கேட்டாள். இதில் எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கடைசியில் எனக்கும் கைகூடியது. மெல்லிய உடை, வெளியே மூக்கு, உள்ளே துணி இல்லை, பிளாஸ்டிக் இல்லை. எழுந்தேன், ஈரமானியை வைத்தேன், முள் படுத்துக் கிடந்தது. என் கிடங்கு வாசலில் நானே நின்றிருந்தால் என்னையே உள்ளே விட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் சொல்லி, மலைக்கு எடுத்துப்போகப் பெட்டியும் இறக்கி வைத்தாயிற்று. மறுநாள் மதியம்தான் என் மகள் போன் செய்தாள். தீவில் போன்கூட ஒழுங்காகக் கிடைக்காது என்றாள். நான் ஓகோ என்றேன். அப்புறம், "அப்பா, உங்களுக்குன்னு அடுப்புப் பக்கத்துல உக்கார ஒரு ஸ்டூல் செஞ்சு வெச்சிருக்கேன். அதுல யாரையும் உக்கார விடறதில்ல. இவரையே உக்கார விடல" என்றாள். ஆணி எதுவும் துருத்திக்கொண்டு இல்லையே என்று கேட்டுவிட்டு, போனை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். எனக்குக் கிடங்குக்கு நேரமாகிவிட்டது.

அன்று எல்லாம் முறைப்படிதான் செய்தேன். ஆனால் எழுந்து பார்த்தால் முக்காட்டுப் பக்கம் ஈரம். மார்புப் பக்கம் இல்லை, கால் பக்கம் இல்லை, தலைப்பக்கம் மட்டும், அதுவும் இரண்டு ஓரத்திலும். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். குழாயை மேனேஜர் மறுபடி ஏறிப் பார்த்துவிட்டார். உடையைக் குறைத்துப் பார்த்தேன், பக்கம் மாற்றிப் படுத்துப் பார்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. காலமெல்லாம் ஈரம் பார்த்தவன் என்ற முறையில் என் தீர்மானம் இது: பையின் தலைப்பக்கத் தையலில் உற்பத்திக் கோளாறு இருக்கிறது. அப்படிப்பட்ட பையோடு நான் அங்கே வந்து, விறைத்து, வந்த லாரியிலேயே திரும்பி, அதை என் மகள் பார்த்துக்கொண்டு நிற்பது சரியாக இராது. உங்கள் சித்தப்பாவோடு சேர்த்து என்னையும் நீங்கள் நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் வரவில்லை. உங்கள் அத்தை மட்டும் அடுத்த லாரியில் வருவாள், அவளுக்குப் புதிதாக வேறு பை கொடுக்கவும். கோளாறுள்ள இந்தப் பையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, திருப்பி அனுப்பும் பொருளை ஒருமுறை சரிபார்ப்பது முறை என்பதால் இன்று மதியம் கடைசியாக அதில் படுத்து எழுந்து, துணி சுற்றித் தைத்துப் பார்சலாகக் கட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அதுவும் வந்து சேரும். ஸ்டூலில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று மகளிடம் சொல்லுங்கள். எனக்கு இதில் வருத்தம் எதுவும் கிடையாது. இரண்டு வருஷம் என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

நீங்கள் இருவரும் எந்தக் கடலைத் தாண்டிப் போனாலும் உடம்பில் தெம்பும் கால்களில் உலர்ந்த சாக்ஸுமாக நீடூழி வாழ என் ஆசிகள். அவள் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். நானும் இங்கே அப்படித்தான் நடந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்

பி.கு.: பார்சல் ஆபீசிலிருந்து இப்போதுதான் திரும்பி வந்தேன். கவுண்டரில் இருந்தவர் பார்சலை உள்ளங்கையால் நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தார், ஒரு மூலையில் கையை நிறுத்தினார், முகத்தை நிமிர்த்தாமலே, "தலைப்பக்கம் ஈரம் இருக்கு. திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். கெஞ்சிப் பார்த்தேன். அவர் அடுத்த பார்சலுக்குப் போய்விட்டார். கடமை தவறாத மனிதர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வெளியே வந்து, கூட வந்திருந்த உங்கள் அத்தையிடம், மூக்கை வெளியேதானே வைத்திருந்தேன், எப்படி ஈரமாகும் என்று கேட்டேன். "மூக்கு வெளியிலதான் இருந்தது. கண்ணு உள்ள இருந்தது" என்றாள். மாப்பிள்ளை, மூக்கைப் பற்றிச் சொன்னீர்கள், வாயைப் பற்றிச் சொன்னீர்கள், மூக்குக்கு மேலே உள்ளதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளைப் பார்க்காமல் இரண்டு வருஷம் என்னால் இருக்க முடியாது. பையைப் பார்சலில் அனுப்ப வழியில்லை என்று ஆகிவிட்டதால், நானே நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். அடுத்த லாரியில் இரண்டு பேரும் வருகிறோம், இந்தக் கடிதத்தையும் நானே உங்கள் கையில் தருகிறேன். மேலே எழுதியதில் வாடை போய்விட்டது என்பதைத் தவிர மற்றதை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். அடுப்புக்கு மேலே ஒரு கொடி கட்டி வைக்கச் சொல்லி அவளிடம் போனில் சொல்லிவிட்டேன். கொஞ்சம் நீளமாகவே கட்டச் சொன்னேன், பையோடு என் கைக்குட்டைகளும் காய வேண்டியிருக்கும்.